முழுங்கி குடித்த நீலம்

பின்னறைக் கதவு மறுபடியும் சாத்திக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்த அன்றைக்குத்தான் தங்கை வந்து இறங்கினாள். பெரியவள் தோளால் கதவை இடித்துக்கொண்டே, “வா வா, இந்த எருமைய நகர்த்திட்டு வரேன்” என்றாள். தங்கை பையைக் கீழே போட்டுவிட்டுத் தானும் ஒரு தோள் கொடுத்தாள். கதவு அசையவில்லை. இரண்டு பேரும் அதன்மேலேயே சாய்ந்து மூச்சு வாங்கினார்கள்.

“போன தடவை ஆசாரி வந்து சீவிட்டுப் போனாரேக்கா?”

“அதுக்கப்புறமும் சீவியாச்சு. இன்னொரு தடவை சீவினா கதவு இருக்காது, விறகுதான் இருக்கும்.”

அந்தப் பின்னறைதான் பெரியவளின் வீட்டுக்குச் சோறு போடுகிற அறை. துவைக்கிற மிஷின் இரண்டு, பிழிகிற மிஷின் ஒன்று. சுற்றுவட்டார லாட்ஜுகளின் பெட்ஷீட்டும் தலையணை உறையும் அங்கேதான் வெளுத்தன. பிழிகிற மிஷின் வேகமெடுத்தால் போதும், சமையலறைத் தம்ளரெல்லாம் அலமாரியின் விளிம்பு வரைக்கும் நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு நிற்கும். அந்த மிஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டில். பெரியவளின் வீட்டுக்காரர் முதுகுவலிக்காரர். அந்த அதிர்வில் படுத்தால்தான் முதுகுக்கு இதமாக இருக்கிறது என்று மத்தியானத் தூக்கம், ராத்தூக்கம் எல்லாம் அங்கேயே. கடைக்கு முதலாளியும் அவர்தான், வேலையாளும் அவர்தான் என்பதால் தெருவே அவரை முதலாளி என்றுதான் கூப்பிட்டது. பாதி மரியாதை, பாதி கிண்டல்.

தங்கை வந்தது தூங்குவதற்கு. அதை ஒளிக்கவும் இல்லை. கல் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. அணை கட்டுகிறவர்களும் சுரங்கம் தோண்டுகிறவர்களும் அனுப்புகிற கல் துண்டுகளை இயந்திரத்தில் வைத்து அழுத்தி, எவ்வளவு பாரம் தாங்குகிறது, எதில் நொறுங்குகிறது என்று பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் லீவில்லாமல் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

“வாம்மா மச்சினி,” என்றார் முதலாளி. “கல்லு உடைச்சுக் கைதி மாதிரி ஆயிட்டியே.”

“நீங்க மட்டும் என்ன மாமா, துவைச்சுத் துவைச்சுச் சாயம் போயிட்டீங்க.”

படுக்கப் போனவள் படுக்கவில்லை. கதவைப் பார்க்காமல் கதவின் நிலைச்சட்டத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. சுவரில் மூலைக்கு மூலை படிப்படியாக, வெடிப்பை மறைக்கச் சிமெண்டு பூசிய தழும்புகள் ஓடின. தரையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கவிழ்த்தாள். தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய்த் தேங்கியது.

“அக்கா, துவைக்கிற தண்ணியெல்லாம் எங்க போகுது?”

பெரியவளுக்கு முகம் மலர்ந்தது. அந்த வீட்டில் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். “நம்ம வீட்ல முழுங்கி இருக்கே, தெரியாதா?”

அந்த ஊர் முழுக்கச் சுண்ணாம்புக் கல் பூமி. அங்கங்கே தரையில் ஒரு பொந்து இருக்கும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்கும். அதற்குத்தான் முழுங்கி என்று பேர். முழுங்கி இருக்கிற வீடு என்றால் அங்கே தனி மவுசு. சாக்கடை அடைப்பு கிடையாது, கொசு கிடையாது. பெரியவளுக்கு இந்த இடத்தைப் பேசி முடித்தபோதுகூட, ‘மாப்பிள்ளைக்கு முன்கோபம் உண்டு, ஆனா கொல்லையில முழுங்கி இருக்கு’ என்றுதான் சொன்னார்கள். பின்னறைச் சுவரை ஒட்டியே இருந்தது அந்தப் பொந்து. மிஷின்களின் குழாய் நேராக அதன் வாய்க்குள் போனது.

தங்கை குத்த வைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் அதற்குள் பார்த்தாள். எழுந்து வந்தபோது தூக்கக் களை போயிருந்தது.

“மாமா, இன்னிலேர்ந்து கட்டிலை முன்னறையில போட்டுக்குங்க.”

“ஏன், என் குறட்டை பக்கத்துத் தெருவரைக்கும் வருதா?”

“இந்தத் தரைக்கு அடியில ஒண்ணும் இல்லன்னு தோணுது.”

முதலாளி சிரித்தார். “சின்னவளே, இது கல்லு மேல கட்டின வீடு. கடப்பாரை வச்சாத் தீப்பொறி பறக்கும்.”

சாப்பிடும்போது அதே பேச்சுதான் ஓடியது. தங்கை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். “மழைத்தண்ணி வெறும் தண்ணி இல்ல மாமா. காத்துலயும் மண்ணுலயும் இருக்கற கரியமில வாயுவைச் சேர்த்துக்கிட்டு லேசாப் புளிச்சுப் போயிடும். அந்தப் புளிப்பு சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும். வெடிப்பு வழியா இறங்கி இறங்கி, வெடிப்பு சந்தாகி, சந்து அறையாகிடும். காசு குடுத்துக் குகை பார்க்கப் போறோமே, எல்லாம் அப்படி வந்ததுதான்.”

“எவ்வளவு நாளாகும்?”

“நாளா? மனுஷன்னு ஒருத்தன் பொறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்ச வேலை.”

“அப்ப என் காலம் ஓடிடும். கொஞ்சம் ரசம் ஊத்து,” என்றார் மனைவியிடம்.

“கல்லு கரையறதுக்கு நான் பயப்படல. கல்லுக்கு மேல இருக்கற மண்ணுக்குத்தான். கீழ ஏற்கனவே பள்ளம் இருக்கு. நீங்க விடற தண்ணி தினமும் கொஞ்சம் மண்ணை அதுக்குள்ள அள்ளிட்டுப் போகுது. மேல பார்த்தாத் தரை தரையாவே இருக்கும். அடியில வெறும் காத்து. மிச்சம் இருக்கற கல்லு வளைஞ்சு தாங்கிட்டு நிக்குது.”

“கல்லு வளையுமாடி?” என்றாள் பெரியவள்.

“ஏன் வளையாது? கொஞ்சமா அழுத்தினா வளையும், பாரத்தை எடுத்தா பழையபடி நிமிர்ந்துக்கும். ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா, எடுத்தாலும் நிமிராது. கோணினது கோணினதுதான். அதையும் தாண்டினா உடைஞ்சிடும்.”

“அந்த அளவு எதுன்னு எப்படித் தெரியும்?”

“தாண்டின அப்புறம்தான்க்கா தெரியும்.” தங்கை ஒரு வாய் சாப்பிட்டாள். “பெரிய பாரம்தான் உடைக்கணும்னும் இல்ல. சின்னதா, ஒரு தடவைக்கு ஒண்ணுமே ஆகாத பாரம். ஆனா திரும்பத் திரும்ப, தினம் தினம். அந்தப் பிழியற மிஷின் உதறுது பாரு, அந்த மாதிரி. கடைசியில அதுவே உடைச்சிடும். எங்க ஆபீஸ்ல அதுக்குக் களைப்புன்னே பேரு.”

“கல்லுக்கா?”

“கல்லுக்குத்தான்.”

பெரியவள் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும்: மிஷின்தானே துவைக்குது, நீயா துவைக்கற. ஈரத் துணி எடுத்துப் போட்டுத் தோள்பட்டை இறங்கிப்போனது, விரல் இடுக்கெல்லாம் சோப்புத்தூள் தின்று புண்ணானது எதுவுமே கணக்கில் வராது. கல்லுக்குக் களைப்பு வரும் என்று படித்தவர்கள் உட்கார்ந்து பேர் வைத்திருக்கிறார்கள். அவள் பாத்திரம் தேய்க்கும்போதும் அந்த வார்த்தையையே மென்றுகொண்டிருந்தாள். சிரிப்பும் வந்தது, என்னமோபோலவும் இருந்தது.

ராத்திரி முதலாளி வழக்கம்போலக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். பெரியவள் முன்னறையில் படுத்துக் குறட்டையை எண்ணிக்கொண்டிருந்தாள். குறட்டை விட்டு விட்டு வரும்போதெல்லாம் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள்.

காலையில் அவளே கேட்டாள். “இவரு நம்ப மாட்டாரு. கீழ பள்ளம் இருக்குன்னு காட்ட முடியுமா?”

“தோண்டினாத்தான் தெரியும். இல்ல, கலர் ஊத்திப் பார்ப்பாங்க. இங்க ஊத்தி, எந்த ஊத்துல எப்ப வருதுன்னு பார்க்கணும். மெதுவாக் கசிஞ்சு போனா வாரக்கணக்காகும், வந்து சேராமலும் போகும். சீக்கிரம் வந்துட்டா, நடுவுல பெரிய வழி இருக்குன்னு அர்த்தம். அந்தக் கலருக்கு நான் இப்ப எங்க போவேன்?”

“சலவைக்கடையில நின்னுக்கிட்டு கலருக்கு எங்க போவேன்கறியே,” என்றாள் பெரியவள். உள்ளே போய்ச் சொட்டு நீலம் வைத்திருந்த கேனையே தூக்கிக்கொண்டு வந்தாள். சொட்டு சொட்டாக விட வேண்டியதை முழுங்கியின் வாயில் கவிழ்த்தாள். மேலே மிஷின் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

முதலாளி பல் தேய்த்தபடி வந்து பார்த்தார். “அடிப்பாவிகளா, ஒரு வருஷத்து நீலத்த ஊத்திட்டீங்களே. சமுத்திரமே நீலமாகிடப் போகுது. ஏற்கனவே நீலம்தானே, கண்டுபிடிக்க முடியாதே.” தன் நகைச்சுவையில் தானே திருப்திப்பட்டுக்கொண்டு வாய் கொப்பளித்தார்.

தங்கை போய்ப் படுத்தாள். பெரியவள் வெள்ளைத் துணி மூட்டையைப் பிரித்தாள். மத்தியானச் சாப்பாடு ஆகும் முன்பே வாசலில் டேங்கர் லாரி வந்து நின்றது. முதலாளியின் தம்பிதான் கடைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவன். ஊருக்குக் கீழே, பாறை இடுக்கில் சுரக்கிற ஊற்றில் பிடித்து வருவான். என்றைக்கும் ஹாரன் அடித்துக் கூத்தடிப்பவன், அன்றைக்குச் சத்தமில்லாமல் இறங்கி வந்தான்.

“அண்ணே, கொஞ்சம் வா. யாரோ ஊத்துல விஷத்தைக் கலந்துட்டாங்க போல.”

வாளியில் பிடித்துக் காட்டினான். பளீரென்ற நீலம். முதலாளி வாளியைப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், அப்புறம் மனைவியைப் பார்த்தார்.

“விஷம் இல்ல தம்பி,” என்றாள் பெரியவள். “நம்ம வீட்டு நீலம்.”

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். “அப்படின்னா நீங்க விடற தண்ணியத்தான் நான் இத்தனை வருஷமா உங்களுக்கே தூக்கிட்டு வந்து ஊத்தறனா? ஏன் அண்ணி, அதான் லாட்ஜ்காரனெல்லாம் உங்க வெள்ளை தனி வெள்ளைன்னு சொல்றானா? தண்ணியிலேயே நீலம் ரெடிமேடா வருதே.”

முதலாளிக்கு முகம் தொங்கிவிட்டது. “வெளிய சொல்லித் தொலைக்காதடா.”

சத்தம் கேட்டு எழுந்து வந்த தங்கை மட்டும் சிரிக்கவில்லை. வாளியைப் பார்த்ததும் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

“காலையில ஊத்தினது. இதுக்குள்ள வந்துடுச்சு. அது கசிஞ்சு வரல மாமா, ஓடி வருது. அந்த வேகத்துக்கு ஓடணும்னா ஆள் நடக்கற மாதிரி வழி இருக்கணும். அதோட ஒரு மூலை உங்க கட்டிலுக்கு அடியில இருக்கு.”

உள்ளே பிழிகிற மிஷின் வேகமெடுத்து உதறத் தொடங்கியது. அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுத்தன.

“சரி,” என்றார் முதலாளி கடைசியில். குரல் இறங்கியிருந்தது. “நான் ஒண்ணும் புரியாதவன் இல்ல. ஆனா லாட்ஜ்ல நாளைக்குக் கல்யாணக் கூட்டம். இந்த மூட்டையை முடிச்சுக் குடுத்துடறேன். நாளையிலேர்ந்து நிறுத்திடலாம். இத்தனை வருஷம் நின்னது ஒரு நாள் நிக்காதா?”

பெரியவள் முன்னறைக்குப் போனாள். மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்தாள். மிஷின் ஒரு பெருமூச்சு விட்டு, மெதுவாகச் சுற்றி, நின்றது.

“ஏய், என்ன பண்ற?”

“போதுங்க.”

“என்ன போதும்? கூட்டம் வருதுங்கறேன்.”

“கல்லுக்குக் களைப்பா இருக்காம். எனக்குன்னா எழுப்பி வேலை வாங்கிடுவீங்க. கல்லை என்ன பண்ணுவீங்க?”

தம்பிக்காரன் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதலாளி மனைவியை ஒரு நிமிஷம் பார்த்தார். ஸ்விட்ச் பக்கம் அவர் போகவில்லை. “ஈரத்துணியையாவது எடுக்கறேன், ஊறி நாறிடும்” என்று முணுமுணுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனார்.

மிஷின் நின்றபோது அந்த வீட்டில் எப்படிச் சத்தம் இருக்கும் என்பதே அவர்களுக்கு மறந்து போயிருந்தது. ராத்திரிகூட ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். முதலாளி மிஷினுக்குள் கையை விட்டு ஒரு பெட்ஷீட்டை இழுத்தார். பாதியில் நிறுத்தினார்.

கீழேயிருந்து சரசரவென்று வந்தது. மணலைச் சல்லடையில் போட்டுச் சலிக்கிற மாதிரி. நின்றது. அப்புறம் எங்கேயோ ஆழத்தில் ஒரு கல் தண்ணீரில் விழுந்த சத்தம்.

“எலிதானே?” என்றார் திரும்பாமல்.

“மாமா, துணிய விட்டுட்டு வாங்க,” என்றாள் தங்கை. “அவசரப்படாம, சுவரோரமா.”

துணியைக் கீழே வைத்தார். தூங்குகிற குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி வைத்தார். நடை பழகுகிறவர்போல ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து வெளியே வந்தார். பெரியவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மிஷின்களை வெளியே இழுத்துவிடலாமா என்று தம்பி கேட்டான். தங்கை தலையாட்டி மறுத்துவிட்டாள். யாரும் மறுபடி கேட்கவில்லை. முன்னறையில் கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களையும் சொல்லிக் கிளப்பிவிட்டு, லாரியில் ஏறித் தம்பி வீட்டுக்குப் போனார்கள்.

தம்பி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகு முதலாளி, “இனி என்ன பண்றது?” என்றார். கோபமில்லாமல், நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

“தெரியல,” என்றாள் பெரியவள். “நாளைக்கு யோசிக்கலாம். எனக்கும் களைப்பா இருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “சரி, போய்ப் படு” என்றார்.

அவள் போய்த் தங்கைக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள். அன்றைக்குத் தூங்கியவள் மறுநாள் வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. தம்பி மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றான்.

“அண்ணி, எழுந்திரிங்க. பின்னறை உள்ள போயிடுச்சு.”

பெரியவள் ஒரு கண்ணைத் திறந்தாள். “ஆளு யாராவது?”

“யாரும் இல்ல. மிஷின் எல்லாம் போச்சு. எட்டிப் பார்த்தா அடி தெரியல.”

“உங்க அண்ணன் எங்க?”

“அங்கதான். பார்த்துட்டு நிக்கறாரு.”

“தள்ளி நிக்கறாரா?”

“ரொம்பத் தள்ளி. தெருமுனையில.”

“அங்கயே நிக்கச் சொல்லுங்க தம்பி,” என்றாள். “நான் இன்னும் கொஞ்சம் படுத்துக்கறேன்.”