வாலில் ஒட்டிய ‘ட்ரூ’

ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் பச்சைக்கொடி. ஆஸ்பத்திரி மெஷின்களுக்கான மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவது அவர் வேலை. அவர் கட்டியது பாதியில் நின்றதே கிடையாது, திரையில் பச்சை வந்துவிடும். எப்படி வருகிறது என்று யாராவது கேட்டிருந்தால் மனுஷனின் மானம் கப்பலேறியிருக்கும். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

கட்டும் ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைகளின் வரிசையில், ஒரு கட்டளை தோற்றால் எல்லாமே அங்கேயே நிற்க வேண்டும். ஆனால் கட்டளையின் வாலில் இரண்டு செங்குத்துக் கோடும் ‘ட்ரூ’ என்ற சொல்லும் ஒட்டிவிட்டால், தோற்றாலும் ஜெயித்த மாதிரி ஸ்கிரிப்ட் மேலே போய்க்கொண்டிருக்கும். ட்ரூ என்றால் உண்மையாம்! ஏதோ ஒரு அவசரத்தில், மெஷினின் மணியோசைக் கோப்பை நகலெடுக்கும் வரியிலும் பச்சைக்கொடி அதை ஒட்டினார். பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்து, மறந்தும் போனார்.

போன வாரம், அதே ஆபீசில் வேலை பார்க்கும் அவருடைய மச்சினன் அந்தக் கோப்பு இருந்த ஃபோல்டரின் பெயரை மாற்றினான். நகல் தோற்றது. ஸ்கிரிப்ட் மூச்சு விடவில்லை; மணியோசை இல்லாமலேயே பொட்டலம் போய்ச் சேர்ந்தது. ட்ரிப்ஸ் தீர்ந்தால் மணியடிக்க வேண்டிய ஆஸ்பத்திரி மெஷின்கள் ஊமையாகிவிட்டன. ஒரு நர்ஸ் தற்செயலாகப் பார்த்ததால் நோயாளி பிழைத்தார்.

மேனேஜர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஃபோல்டர் பேரை மாத்தினது யாரு?”

“நான்தான் சார்,” என்றான் மச்சினன்.

“யாரைக் கேட்டு மாத்தின? நாளையிலேருந்து நீ வர வேணாம்.”

பச்சைக்கொடிக்குத் தெரியும்: ஃபோல்டர் பெயர்கள் தினமும் மாறுவதுதான். ஸ்கிரிப்ட் நின்றிருந்தால் அப்போதே சரிசெய்திருக்கலாம். வெட்கங்கெட்டவர், மேசையில் கிடந்த பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும், “மாப்ள, அந்த வரில…” என்று இழுத்தார்.

“தெரியும் மாமா. எந்த வரிய யார் எழுதினாங்கன்னு கம்ப்யூட்டர்தான் காட்டுமே. முந்தாநேத்தே பாத்துட்டேன்,” என்றான் மச்சினன், சார்ஜரைப் பைக்குள் திணித்தபடி.

“அப்புறம் ஏன்டா உள்ள சொல்லல?”

“நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்.”

பச்சைக்கொடி திரும்பிப் போய்க் கதவைத் தள்ளினார். “சார், அவன் இல்ல. நான்,” என்றார். சொன்ன பிறகும் நெஞ்சு லேசாகவில்லை. பின்னால் நின்ற மச்சினனைத் திரும்பிப் பார்க்க அவருக்கு முகமில்லை.