ஜாஸ்மி போட்ட இரும்புக் கையுறை

பிரிஜா தன் கல்லூரிச் சிநேகிதர்களிடம் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது. 'அக்காவுக்கு ஆபீஸில் வேலை' என்றுதான் சொல்லியிருந்தாள். குழித்துறைப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்று பேர். முன்னால் இருக்கும் அண்டியை மட்டும் விழுங்கிவிட்டாள், அவ்வளவுதான். விழுங்கியது செரிக்காமல் மூன்று வருஷமாகக் கிடந்தது.

2016 கிறிஸ்மஸ் லீவு. ஞாயிறு ஆராதனை முடிந்து சிநேகிதன் எபிசன் வீட்டு மாடியில் விளையாட்டு. அவன் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. எபிசன் கதை சொல்லிக்கொண்டு போவான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். ஜெயிப்பதும் தோற்பதும் இருபது முகமுள்ள பகடை கையில். பிரிஜா வாள்வீராங்கனை, சிஜோ மந்திரவாதி. அன்று ஓர் ஆள் குறைந்தது. பிரிஜாவைக் கூட்டிப்போக வந்த அக்கா ஜாஸ்மியை எபிசன் பிடித்து உட்கார வைத்துவிட்டான்.

ஜாஸ்மி துப்பட்டாவுக்குள் கைகளை ஒளித்துக்கொண்டாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். ஆலையில் கையுறை உண்டு. போட்டால் வேலை ஓடாது என்று அவள் போடுவதில்லை. தங்கையாவது படிக்கட்டும் என்று ப்ளஸ் டூவோடு நிறுத்திக்கொண்டு அங்கே போனவள்.

"அக்காவுக்கு ஆபீஸ்லயாக்கும் வேலைன்னு பிரிஜா சொன்னா" என்றான் சிஜோ.

ஜாஸ்மி தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். பிரிஜா குனிந்துகொண்டாள்.

"ஆமா மக்கா" என்றாள் ஜாஸ்மி.

கதையில் குகை இடிந்துகொண்டிருந்தது. வெளியே போக ஒரே கல்கதவு. அதனடியில் ஒரு ஜோடி இரும்புக் கையுறை.

"இதப் போட்டா ஒரே குத்துல கதவு ஒடயும்" என்றான் எபிசன். "ஆனா சாபம் உண்டு. போட்ட கை கரியாட்டு கறுத்துப்போவும். சாவுற வர மாறாது. யாரு போடுதீங்க?"

"எனக்க மந்திரவாதி தொடமாட்டான். பொறவு எவ அவனக் கெட்டுவா?" என்று சிஜோ சிரித்தான்.

நியாயமாக வீராங்கனைதான் போட வேண்டும். பிரிஜா யோசிக்கவே இல்லை. வீட்டில் தண்ணீர் கேட்பதுபோல வாயில் வந்துவிட்டது.

"அக்கா போடட்டும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"செரி, நான் போடுதேன்" என்று ஜாஸ்மி பகடைக்குக் கை நீட்டினாள். விளையாட்டுச் சூட்டில் கையை மறந்துபோனாள்.

"ஐயோ, கைக்கு என்ன ஆச்சு அக்கா?" என்றான் சிஜோ.

பேச வேண்டியவள் பிரிஜா. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் ஜாஸ்மி, "ஆபீஸ்ல பிரிண்டருக்க மை கொட்டிச்சு மக்கா" என்று பகடையை உருட்டிவிட்டாள். கதவு உடைந்தது. பையன்கள் கைதட்டினார்கள். பிரிஜாவும் தட்டினாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது, "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தாள்.

"நல்ல வெளையாட்டு ஏட்டி" என்று ஜாஸ்மி முந்திக்கொண்டாள். "இனி உன்னக் கூப்பிட வந்தா நான் மேல வரல்ல, கேட்டியா? தெருமுக்குல நிக்கேன். போன் அடிச்சதும் நீ எறங்கி வந்திரு. அவனுவ கேட்டா அக்காவுக்கு ஆபீஸ்ல சோலின்னு சொல்லு."

குரலில் கொஞ்சமாவது கோபம் இருந்திருந்தால் பிரிஜா காலில் விழுந்திருப்பாள். இல்லவே இல்லை.

"செரிக்கா" என்றாள்.