புயல் பேசிய புதன்கிழமை

ஆன்லைன் இங்கிலீஷ் வகுப்பில் நான் ஆசிரியை என்று பெயர். உண்மையில் கேம் நடத்துகிறவள். திரையில் கேள்வி வரும், கீழே நான்கு வண்ணக் கட்டங்கள். முந்திக்கொண்டு சரியாக அமுக்கியவருக்கு அதிகப் புள்ளி, முடிவில் கிரீடம். பின்னணியில் காதைப் பிளக்கும் இசை வேறு.

கிரீடம் எப்போதும் ‘புயல்’ என்ற பட்டப்பெயருக்குத்தான். அவள் ஒரு நர்ஸ். வெள்ளிக்கிழமை பெரிய மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு இன்டர்வியூ, முழுக்க இங்கிலீஷில். அந்த வேலை கிடைத்தால்தான் இரவுப் பணியிலிருந்து விடுதலை. கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கலாம். இதெல்லாம் அவள் சாட்டில் எழுதியதுதான். சேர்ந்த நாளிலிருந்து அவள் குரலை நான் கேட்டதே இல்லை. கேள்வியைப் படிக்கிறாளா என்றே சந்தேகம். கம்பெனி கொடுத்த கேள்விகளே திரும்பத் திரும்ப வரும். முதல் சொல்லைப் பார்த்ததும் இது மஞ்சள், இது நீலம் என்று அவள் விரல் தானாகப் போய்விடும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதன்கிழமை கேமை மூடினேன்.

“இன்னைக்கு எல்லாரும் மைக்கை ஆன் பண்ணுங்க. அவங்கவங்க வேலையப் பத்திப் பேசணும்.”

முதலில் புயலைக் கூப்பிட்டேன்.

“நெட் சரியில்ல டீச்சர்.”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேசும்மா.”

படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் போடுவது என்று இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். பாதியில் ‘போதும் டீச்சர்’ என்றாள். நான் விடவில்லை, மறுபடி மறுபடி சொல்லவைத்தேன். ஒருவழியாக முடித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். “ஆப்புல உங்களுக்கு ஒத்த ஸ்டார் ரேட்டிங் விழுந்திருக்கு மேடம். கேம் வைக்காம பேசச் சொல்லி டார்ச்சர் பண்றீங்களாம். இனிமே வகுப்புக்கு வேற ஆள் பாத்துக்கறோம்.”

யார் அந்தப் புண்ணியவான் என்று ராத்திரி முழுக்க மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புயலின் போன்.

“டீச்சர், வேலை கெடச்சிருச்சு! படுக்கையிலயே இருக்கற பேஷன்ட்ட எப்படிப் பாத்துப்பீங்கன்னு கேட்டாங்க. அன்னைக்குச் சொன்னத அப்படியே சொல்லிட்டேன்!”

சந்தோஷத்தில் என் வேலை போனதே மறந்துவிட்டது. அவள் குரல்தான் சட்டென்று இறங்கியது.

“டீச்சர்... அந்த ஒத்த ஸ்டார் நான் போட்டது. கோவத்துல போட்டுட்டேன். இப்ப அஞ்சா மாத்தலாம்னு போனா, டீச்சர் லிஸ்ட்ல உங்க பேரையே காணோம். எங்க போய்ப் போடணும் டீச்சர்?”