பன்னிரண்டும் விழித்த சனிக்கிழமை

தீவு ஊரான பங்காயில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு ஆக்லாந்து தேவாலயம் ஒன்று பன்னிரண்டு பழைய மடிக்கணினிகளை அனுப்பியிருந்தது. ஒன்றைத் திறந்தால், அது கண் விழிப்பதற்குள் பாதிப் பாடவேளை போய்விடும். தலைமையாசிரியர் கேபுவுக்குப் பொறுமை போனது. "திங்கக்கெழம கப்பல்ல அத்தனையையும் குப்பைக்கு ஏத்திடுவோம்" என்றார்.

கணக்கு ஆசிரியை லோசே விடவில்லை. "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார். லினக்ஸ்ங்கற இயங்குதளத்தப் போட்டுப் பாக்கறேன். சும்மாவே கெடைக்குது, அதுல நூறு வகை இருக்கு. ஒண்ணு கூடவா ஒத்துவராது?"

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் விட்டால் ஞாயிறு. ஞாயிறன்று எங்கள் தீவில் யாரும் வேலையில் கை வைப்பதில்லை.

முதல் வகை ஏறவே மறுத்தது. அந்தக் கணினிகளின் ப்ராசஸர் அதற்கு மிகப் பழையதாம். இரண்டாவது ஏறியது, ஆனால் திரையில் அம்புக்குறி ஆமைபோல் ஊர்ந்தது. மூன்றாவது வெறும் கறுப்புத் திரை.

"என்னம்மா லோசே, வர்ற மாப்பிள்ளைய எல்லாம் திருப்பி அனுப்புறியே!" என்றேன். நான் பக்கத்து வகுப்பில் புவியியல் நடத்துபவன்.

"வாயப் பேசாம அந்த பென்டிரைவ எடுடா செமிசி."

அப்படித்தான் நானும் மாட்டிக்கொண்டேன்.

நான்காவது, பழைய கணினிகளுக்கென்றே செய்த மெலிந்த வகை. எங்கள் இணைய வேகத்தில் அது இறங்கி முடிக்கச் சனிக்கிழமை நண்பகலானது. ஏற்றினோம். ஒரே நிமிடத்தில் திரை பளிச்சென்று வந்தது! ஆனால் வைஃபை இல்லை.

லோசே நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நெட் இல்லாம புள்ளைங்க இத வச்சு என்ன பண்ணும்?"

"வைஃபைக்கு வேண்டிய கோப்பு நெட்லதான இருக்கும்?" என்றேன்.

"அத இந்தக் கம்ப்யூட்டரே தேடி எடுக்கணும், அதுக்கே நெட் வேணுமே…" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். தன் கைப்பேசியை வயரால் கணினியோடு இணைத்தாள். கைப்பேசியின் இணையம் கணினிக்குப் பாய்ந்தது. விடுபட்ட கோப்பு இறங்கியது. வைஃபை விளக்கு எரிந்தது. அவள் போட்ட கூச்சலில் வேலியோரம் மேய்ந்த பன்றிகள் சிதறி ஓடின.

பிறகு நிற்க நேரமில்லை. அவள் ஏற்ற, நான் வயரை மாற்ற, ஐந்து மணிக்குப் பன்னிரண்டு திரைகளும் வரிசையாக ஒளிர்ந்தன. கேபு வந்து ஒன்றின் முன் அமர்ந்தார். அரை மணி நேரம் எழவில்லை.

"கப்பல்காரன்கிட்ட சொல்லிடறேன்மா, நம்ம சரக்கு ஒண்ணுமில்லன்னு."

திங்கள் காலை பக்கத்துத் தீவான ஃபோவாவின் பள்ளியிலிருந்து லோசேவுக்கு அழைப்பு. அங்கும் ஒன்பது கணினிகள் தூங்குகின்றனவாம்.

"எடுத்துக்கிட்டு வாங்க, ஒரு கை பாத்துடலாம்" என்றாள்.