ஏஜிபி கார்டின் ருசி

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2005 மார்ச் மாதம், மரக்காணத்தில், என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து உருவிய கிராபிக்ஸ் கார்டை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உப்புக் கரித்தது. அதை வைத்து முபாரக் என்பவனைத் திருடன் என்று முடிவு கட்டினேன். இவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் அதிலிருந்து நழுவ நான் செய்த முயற்சிகள். எழுதுகிறவர்கள் அதற்கு உத்தி என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறோம்.

முதலில் எழுதிய ஆரம்பம் வேறு. "முபாரக்கின் கண்ணில் அன்றைக்கே ஒரு கள்ளத்தனம் தெரிந்த—" அடித்துவிட்டேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு அவனுக்கு மெட்ராஸ் ஐ. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

இரண்டாவது ஆரம்பம்: "உப்பளத்தில் வெயில் தகதகத்த ஒரு மதியத்தில்—" இது அதைவிட மோசம். உப்பளம் என்றாலே எல்லோரும் வெயிலில்தான் தொடங்குகிறார்கள். நடந்தது சாயங்காலம், ஒரு டியூப் லைட்டின் கீழே. அதனால் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்குகிறேன்.

2

திண்டிவனத்தில் இழுத்து மூடிய ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தது அது. ஆறு வருஷப் பழசு, 64 எம்பி ராம், ஒரு ஆளால் தூக்க முடியாத மானிட்டர். அக்கா ஜான்சி டைப்பிங் பழக என்று வாங்கினோம். அவள் கல்யாணமாகிப் போனதும் எனக்கு வந்தது. எனக்கு அதில் ஒரே ஓர் ஆசைதான்: கார் பந்தய விளையாட்டு. வளைவு வந்தால் கார் அப்படியே நின்றுவிடும். நான் ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் பார்த்தால் சுவரில் மோதியிருக்கும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. உப்புப் பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை. உள்ளே வருகிற ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைப்பேன். கசப்புத் தட்டினால் லோடைத் திருப்பிவிடுவோம். என் நாக்கு சொன்னால் சொன்னதுதான். டிரைவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், எதிர்த்து வாதாடியதில்லை. (வாசகரே, அப்படி ஒரு நாக்கு வாய்த்தவனுக்கு எவ்வளவு திமிர் வரும் என்று யோசித்துக்கொண்டே மேலே படியுங்கள்.)

புதுசு வாங்க வழியில்லை. கையில் இருந்தது இரண்டாயிரத்து எட்டுநூறு ரூபாய். என்னோடு ஒரே பெஞ்சில் படித்த முபாரக், மெயின் ரோட்டில் அவன் வீட்டு முன்னறையையே கம்ப்யூட்டர் கடையாக வைத்திருந்தான். மாதம் ஒருமுறை மெட்ராஸ் போய்ப் பழைய பார்ட்ஸ் எடுத்து வருவான்.

"டேய் சகாயம், இந்த போர்டுல இதுக்கு மேல ஒண்ணும் ஏறாதுடா," என்றான். "ராம் ஒண்ணு போடலாம். கிராபிக்ஸ் கார்டு செருகற ஏஜிபி ஸ்லாட்டு சும்மாதான் கெடக்குது. செகண்ட்ஸ்ல ஒரு கார்டு பாத்து எடுத்தாந்து தர்றேன். கேம் பறக்கும்."

"செகண்ட்ஸ்னா யாருகிட்ட இருந்தது?"

"அதெல்லாம் கேட்டா எவன் சொல்வான்? ஓடுதான்னு போட்டுப் பாத்து வாங்கறேன், அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' என் காதில் உறுத்தியது. காரணம் அவன் இல்லை, அந்த வருஷம்.

[அந்த வருஷம் பற்றி: சுனாமி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடல் தண்ணீர் குடித்த டிவி, மிக்ஸி, தையல் மிஷினையெல்லாம் நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து விற்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எக்கியார்குப்பத்தில் ஒருவர் வாங்கிய டிவிக்குள் மணல் இருந்ததாம். நான் பார்க்கவில்லை. பார்த்தவர் யாரையும் பார்க்கவுமில்லை. ஆனாலும் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.]

3

முபாரக் வந்து ராமும் கார்டும் போட்டுக் கொடுத்தான். ஒன்பது நாள் நான் ராஜா. வளைவில் கார் வழுக்கிக்கொண்டு போனது. ரோட்டோரப் புல்கூடத் தெரிந்தது. சந்தோஷத்தில் அவனுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். இதை முதல் வரைவில் எழுதவில்லை. சந்தேகக் கதையில் பிரியாணி இடிக்கும் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் திரை முழுக்கக் குறுக்குக் கோடுகள். பிறகு கறுப்பு. கம்பெனியிலிருந்து வந்து கைகூடக் கழுவாமல் விளையாட உட்கார்ந்திருந்தேன். சிபியூவைத் திறந்து கார்டை உருவினேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. புரியாத பொருள் கைக்கு வந்தால் நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். ஸ்லாட்டில் செருகுகிற அந்தத் தங்க நிறப் பல் வரிசையை நாக்கால் தொட்டேன்.

உப்பு. சந்தேகமே இல்லாத உப்பு.

கார்டை எடுத்துக்கொண்டு முபாரக் கடைக்கு சைக்கிளை மிதித்தேன். கடையில் பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து வந்த தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர். ஆறு கம்ப்யூட்டருக்கு ஆர்டர் கொடுக்க வந்திருந்தார். அவர் இருப்பதைப் பார்த்த பிறகுதான் சத்தத்தைக் கூட்டினேன்.

"கடல்ல முங்குன சரக்க என் தலைல கட்டிட்ட இல்ல?"

முபாரக் எழுந்து நின்றான். "யார்ரா சொன்னது?"

"நாக்குல வச்சுப் பாத்தேன். கரிக்குது."

அவன் சிரித்துவிடுவான் என்று ஒரு நொடி நினைத்தேன். சிரிக்கவில்லை. "நீ நெஜமாத்தான் சொல்றியா சகாயம்?"

"நக்கிப் பாரு, தெரியும்."

அவன் மேஜை டிராயரைத் திறந்து கார்டுக்கான பணத்தை எடுத்து வைத்தான். "கார்டு போச்சுன்னு வந்திருந்தா வேற கார்டு குடுத்திருப்பேன்டா. திருடன்னு சொல்லிட்ட. எடுத்துக்கினு போ."

தெய்வசிகாமணி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அப்புறமா வர்றேன் தம்பி," என்றார். பிறகு வரவேயில்லை.

பணத்தை எடுத்துக்கொண்டேன். தப்பு செய்யாதவன் எதற்குத் திருப்பித் தருவான் என்று வழியெல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். நல்ல கேள்வியாகத்தான் பட்டது.

4

இங்கே எனக்கும் முபாரக் என்ற பாத்திரத்துக்கும் தகராறு. அவனைக் கெட்டவனாக எழுதினால் அவன் பேசிய பேச்சு ஒத்துழைக்க மறுக்கிறது. நல்லவனாக எழுதினால் நான் ஒத்துழைக்க மறுக்கிறேன்.

ஊர் அவ்வளவு யோசிக்கவில்லை. "கடல் சரக்கு" என்ற பெயர் கடைக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு வருஷம் முன்பு வாங்கிய மவுஸைக்கூடத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தீபாவளிக்குள் கடையை மூடினான். ஜனவரியில் குவைத் போனான். அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான்.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) முபாரக்குக்குத் தெரியும். மலிவாகக் கிடைத்த கடல் சரக்கைத் தெரிந்தே விற்றான். (எனக்கு வசதியான முடிவு. ஆனால் அவன் போட்ட ராம் இன்றைக்கும் ஓடுகிறது. இந்தக் கதையை அந்தக் கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறேன். ஒன்றை நல்லதாகக் கொடுத்து இன்னொன்றில் ஏமாற்றலாமே என்று உடனே தோன்றுகிறது. பாருங்கள் என் புத்தியை.)

ஆ) முபாரக்கை யாரோ ஏமாற்றினார்கள். (இரண்டு பேரும் தப்பிக்கலாம். அதனாலேயே நம்ப முடியவில்லை.)

இ) எங்கள் வீட்டில் உப்புக்காற்றுக்குப் பயந்து அம்மா சிபியூவைத் தார்ப்பாய்த் துண்டால் மூடிவைப்பாள். உப்பு அம்பாரத்தை மழைக்கு மூடுகிற அதே மாதிரி, நாலு பக்கமும் இறுக்கி. பட்டனுக்கு மட்டும் ஓர் ஓட்டை. நான் அந்தத் தார்ப்பாயை எடுக்காமலேயே மணிக்கணக்கில் விளையாடுவேன். கார்டின் மேலிருந்த குட்டி ஃபேன் அந்த வெக்கையில் எப்படிச் சுற்றியிருக்கும்? அப்படியென்றால் கார்டைக் கெடுத்தது—

(இந்த வாக்கியத்தை நாலு தடவை இதே இடத்தில் விட்டிருக்கிறேன்.)

5

மூன்றில் ஒன்றைப் பொறுக்கி முடித்திருப்பேன். போன வாரம் ரேஷன் கடை வரிசையில் முபாரக்கின் அம்மா சைத்தூன் பீவி பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார்.

"ஏம்பா சகாயம், நீ பத்திரிகைக்குக் கதை எழுதுறியாமே. ஆஸிஃபா சொல்லிச்சு."

ஆஸிஃபா முபாரக்கின் தங்கை. எதையாவது சொல்லி நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"ஆஸிஃபாவப் பொண்ணு பாக்க வந்தவங்க அனுமந்தைல விசாரிச்சிருக்காங்க. கடல் சரக்கு வித்த வீடுன்னு யாரோ சொல்லிட்டாங்க. ரெண்டு எடமும் திரும்பிப் போயிடிச்சு." குரலைத் தாழ்த்தினார். "எம்புள்ள ஏமாத்தலன்னு ஒரு வரி எழுதுப்பா. பேரு போட்டே எழுது. அச்சுல வந்தா நம்புவாங்க இல்ல?"

"கதைதானேம்மா அது."

"நீ சொன்னது மட்டும் கதை இல்லியா? அத நம்புனாங்களே." என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "உண்மையச் சொல்லு. அன்னிக்கு அது நெஜமாவே உப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகனைக் கொஞ்சம் சந்தேகப்பட்டுவிட்டார் என்று தோன்றியது. அதைப் பார்த்துக்கொண்டே நான் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

6

எந்த வரைவிலும் எழுதாத பகுதி இது.

அன்றைக்குக் கடையில் கத்திவிட்டு வீடு திரும்பியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஏனோ கீபோர்டை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உப்பு. மவுஸ், உப்பு. மானிட்டரின் முதுகு, ஜன்னல் கம்பி, பல வருஷமாக உள்ளேயே கிடந்த பழைய ராம், எல்லாம் உப்பு. கடைசியாக என் விரலைத் தொட்டேன். அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கரித்தது.

அப்போது மணி ஏழுகூட ஆகவில்லை. முபாரக் ஒன்பது வரை கடை திறந்திருப்பான். தெய்வசிகாமணியின் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. சைக்கிளில் ஐந்து நிமிஷம். நான் கார்டிலிருந்து கழற்றி வைத்திருந்த மானிட்டர் வயரை, கார்டு வருவதற்கு முன்பிருந்த பழைய இடத்தில் செருகி, நின்று நின்று ஓடும் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

7

வாசகரே, இவ்வளவு நேரம் உங்களிடம் பேசினேன். இப்போது கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். இதைக் கட்டாயம் படிக்கப்போகிற ஒருத்தியிடம் பேச வேண்டும்.

ஆஸிஃபா, உன் அம்மாவுக்கு இதை நீதான் படித்துக் காட்டுவாய். நடுவில் சலித்துப்போனால் மற்றதை விட்டுவிடு, ஆறாம் பகுதியை மட்டும் படி. உன் அண்ணன் பெயரை மாற்றவில்லை, என் பெயரையும் மாற்றவில்லை. அந்தக் கார்டு ஏன் செத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முடிவை நான் எழுதினால் கை என் பக்கமாகத்தான் இழுக்கும். ஒரு வருஷமாக இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அதனால் இதற்குக் கீழே இடம் விடச் சொல்லியிருக்கிறேன். முடிவை நீ எழுது, உன் கையெழுத்தில். அடுத்து பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் இந்தப் பக்கத்தைக் கையில் கொடு. உறுதிப்படுத்திக்கொள்ள அவர்களை என்னிடம் அனுப்பினால், நீ எழுதியதற்கு நான் ஆமாம் என்பேன். இல்லை என்று நான் சொன்னால் என்னை நம்பாதே.