செரிசாவாவின் இருமல்

மேலாளர் கேட்டது ஒரே ஒரு பெயர். பியரைச் சுவைத்து மதிப்பெண் போடும் எட்டுப் பேரில் யாரை நம்ப முடியாதோ, அவரை மாலைக்குள் நீக்கிவிட வேண்டும். புள்ளிவிவரம் நாகுமோவைக் காட்டியது. புட்டி நிரப்பும் பிரிவுக்காரி. ஏழு பேரும் ஒன்றாக நிற்கிற இடத்தில் அவள் மட்டும் எப்போதும் தள்ளி நின்றாள்.

பதினோரு வருடமாகக் குழுவை நடத்தும் மியாகேவுக்கு அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை. இன்னொரு சோதனை வைக்கவும் அலுப்புதான். ஆனாலும் காலையில் யாரிடமும் சொல்லாமல் ஒரே பியரை வேறு வேறு எண்ணிட்டு இரண்டு முறை வைத்தாள்.

பியர் பழசானால் வரும் அட்டை வாடைக்கு மூத்தவர் செரிசாவா முதலில் இரண்டு போட்டிருந்தார். அதே பியருக்கு மறுமுறை ஆறு. மற்ற ஆறு பேரும் அப்படியே. நாகுமோ மட்டும் இரண்டு முறையும் நான்கு.

சுவைக்கும் மேசையில் தடுப்புகளுக்கு நடுவே யார் முகமும் யாருக்கும் தெரியாது. ஆனால் பியர் சரியில்லை என்றால் செரிசாவா இருமுவார். முன்பு அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் மியாகேயின் பென்சிலும் அந்த இருமலுக்காகக் காத்திருந்ததுண்டு. அதை மரியாதை என்றே நினைத்திருந்தாள்.

மதியம் சாப்பாட்டு மேசையில் நாகுமோ எதிரில் வந்து உட்கார்ந்தாள். "என்னைத் தூக்கப் போறீங்களாமே, மியாகே-சான். நல்லதாப் போச்சு. இனிமே காலையில நிம்மதியா நாறுற சோயா நத்தோ சாப்பிட்டுட்டு வரலாம்." சிரித்தாள். சோற்றில் கை வைக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மியாகே காலை மதிப்பெண் தாள்கள் இரண்டையும் செரிசாவா முன் வைத்து, இரண்டும் ஒரே பியர் என்றாள். அவர் தன் இரண்டையும் ஆறையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"போன வருஷம் காய்ச்சல்ல விழுந்தேன்ல, அப்பவே மூக்கு போயிடுச்சோன்னு ஒரு சந்தேகம். ஆனா தினமும் எல்லாரோட மார்க்கும் என்னோடதோட ஒத்துப்போச்சு. சரி, நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன், மியாகே-சான்."

படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் கட்டம் இருந்தது. மற்ற ஆறு பேருக்கும் மியாகேவுக்கும் இடமில்லை.

"எழுதுங்க," என்றார் செரிசாவா.

பேனாவைக் கட்டத்தில் வைத்த பிறகும் அவள் கை ஒரு கணம் நின்றது. இருமலுக்காகத்தான் நிற்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. அறையில் சத்தமில்லை. செரிசாவா என்று எழுதினாள்.