நேராகப் போன பிட்

தமிழ்வாணன் செய்கிற, பாறையில் துளை போடும் பிட் கோணலாகப் போகும் என்று ஸ்ரீபெரும்புதூர் டீக்கடைகளில் ஒரு பேச்சு இருந்தது. பேச்சு என்ன பேச்சு, உண்மைதான். கிணற்றின் பக்கச் சுவரில் போடுகிற சின்னத் துளைக்குள் அதை நுழைத்துச் சுற்றினால், உள்ளே போனதும் குடை மாதிரி இறக்கை விரிந்து, பாறையைக் குடைந்து துளையை அகலமாக்க வேண்டும். வெளியே இழுத்தால் இறக்கை மடங்கிக்கொள்ள வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் முதலில் செய்த சனியன், பாறை எந்தப் பக்கம் மெத்தென்று இருந்ததோ அந்தப் பக்கமே சாய்ந்துகொண்டு போனது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிணற்றுக்குள் போய்ச் சிக்கியது, இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அந்தக் கிணற்றுக்காரர் எங்கே பார்த்தாலும் நலம் விசாரிப்பார். அவனை இல்லை, பிட்டை.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் நல்ல வேலை. அதை உதறிவிட்டு வந்து, ஒரகடம் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, ஒரே ஒரு லேத்தை வைத்துக்கொண்டு இப்படி இரும்போடு மல்லுக்கட்டினால் வீட்டில் சும்மா இருப்பார்களா? அப்பா பேச்சையே நிறுத்திக்கொண்டார். அவன் பக்கம் நின்றது அக்கா காந்திமதி மட்டும்தான். "அவன் செய்யிறது ஒருநாள் நிக்கும், பாத்துகினே இருங்க" என்று சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சண்டைக்குப் போவாள். அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்குச் சோறு, தண்ணீர் எல்லாம்.

இரண்டு இறக்கை இருப்பதால்தான் சாய்கிறது என்று கண்டுபிடிக்கவே அவனுக்கு வெகுநாள் ஆயிற்று. மூன்றாவது இறக்கையைச் சேர்த்தான். அப்புறம் முன்னால் ஒரு நீளமான மூக்கு வைத்தான். மூக்கு ஏற்கெனவே போட்ட சின்னத் துளைக்குள் இறுக்கமாக முன்னே போகும். இறக்கைகள் பின்னால் வந்து குடையும். மூக்கு நேராக இருந்தால் உடம்பும் நேராகத்தானே போக வேண்டும்? மூக்கின் நுனியிலும் கெட்டியான பல் வைத்தான், பழைய துளை முடிந்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் முன்னே தோண்டிக்கொண்டு போக. இனி அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு கிணற்றில், நாலு பேர் கண் முன்னால், அது நேராகப் போய்க் காட்ட வேண்டும். சுற்றுவட்டாரத்தில் பக்கத்துளை போடுகிற ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி நடேசன். அவர் வாயால் 'நேரா போவுது' என்று ஒரு சொல் வந்துவிட்டால் போதும், கொட்டகை வாசலில் ஆள் நிற்கும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடி மாதம், பிள்ளைப்பாக்கத்திலிருந்து அக்கா ஆள் அனுப்பினாள். சொர்ணவாரி நெல் பால் பிடித்து நிற்கிறது, கிணற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, நடேசன் ஆட்களை வைத்துப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை போட்டதில் வெறும் கசிவுதான் வருகிறது, நீ வந்து உன் பிட்டைப் போட்டு அகலமாக்கிக் கொடு என்று சேதி. மாமா லாரியோடு ஆந்திரா போயிருந்தார். தமிழ்வாணனுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு தூரம் தோண்டிய நடேசன் ஏன் பாதியில் விட்டுவிட்டுப் போனார் என்று கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சந்தோஷம் வந்தால் புத்தி எங்கே வேலை செய்கிறது?

பிட்டைக் கோணியில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பியவனை ஹைவேயில் போலீஸ் நிறுத்தியது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்கப்புறம் அந்த ரோட்டில் தேங்காய் மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்துதான் விட்டார்கள். இறக்கையும் மூக்குமாக இருந்த இரும்பைப் பார்த்ததும் ஏட்டையா இரண்டடி பின்வாங்கினார். இது கிணறு குடைகிற சாமான் என்று அவன் நடுரோட்டில் குந்தி, இறக்கையை விரித்தும் மடக்கியும் காட்டிப் புரியவைப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

பிள்ளைப்பாக்கத்தில் கிணற்றைச் சுற்றிக் கூட்டம். பிட் எப்படிப் போகிறது என்று பார்க்க நடேசனையும் அக்கா வரவழைத்திருந்தாள். பக்கத்து நிலத்துப் பலராமன் வேடிக்கை பார்க்க வந்து, தேங்காய் உடைக்கிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். வரப்புக்கு அந்தப் பக்கத்துக் கங்கம்மாள் மட்டும் வரவில்லை. அவளுக்கும் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து பல வருஷம். மாடு வரப்பு தாண்டியதில் ஆரம்பித்தது, பாம்பு மாதிரி நீண்டு கிடந்தது.

தமிழ்வாணன் கிணற்றுக்குள் இறங்கி ரசமட்டம் வைத்துப் பார்த்தான். மூக்கைத் துளைக்குள் விட்டான். அக்கா கூலி பேசியிருந்த ஆட்கள் இரண்டு பேர் சுற்ற, அவன் பிட்டை மாட்டிய கம்பியின் மேல் கையை வைத்துக்கொண்டு, உள்ளே பாறை என்ன சொல்கிறது என்று கவனித்தபடியே இருந்தான். ஒரு கம்பி போனதும் அடுத்த கம்பியை முடுக்கினார்கள். துளையிலிருந்து மாவாகப் பாறைத்தூள் வந்தது. கம்பி அதிரவில்லை, ஒரு பக்கம் இழுக்கவில்லை. அவனுக்கு உள்ளுக்குள் கூத்தாடியது. பழைய துளை முடிந்து மூக்கு புதுப் பாறையைக் கடித்தபோது நிறுத்தலாமா என்று மேலே பார்த்தான். நடேசன் அக்காவைப் பார்த்தார். அக்கா விளிம்பில் குனிந்து, "இன்னும் கொஞ்சம் போ தம்பி" என்றாள்.

போனான். திடீரென்று கம்பி கையில் லேசாகிவிட்டது. எதிரே தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லாதது மாதிரி ஒரு வழுக்கல். இறக்கைகளும் அந்த இடத்தைக் கடந்துவிட்ட பிறகு, அவசரமாக மடக்கி வெளியே இழுத்தார்கள். கடைசிக் கம்பி வந்ததுதான் தாமதம், பிட்டையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் பீறிட்டு அடித்தது. சுற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் மல்லாந்து விழுந்தான். கசிவாவது, ஊற்றாவது, வாய்க்கால் தண்ணீர் மாதிரி வந்துகொண்டே இருந்தது.

மேலே ஒரே விசில். பலராமன் கற்பூரம் கொளுத்தினார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு தமிழ்வாணனும் அழுதான், பக்கத்திலிருந்தவர்களுக்குத் தெரியவில்லை, முகமெல்லாம் ஈரம்.

அப்போதுதான் துளையிலிருந்து ஒரு கெண்டை மீன் வந்து விழுந்தது.

கை நீளம் இருக்கும். உயிரோடு துள்ளியது. மேலே விசில் நின்றது. பூமிக்கு அடியிலிருந்து, பாறையைக் குடைந்த துளையிலிருந்து மீன். பலராமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கங்கையே வந்துவிட்டாள் என்று ஒரு பெண் குலவையிட்டாள். எல்லோரும் கும்பிட்டார்கள். தமிழ்வாணன் மட்டும் கும்பிடவில்லை. பாறை மீனைப் பெற்றுப் போடாது. இன்னொரு மீன் வந்தது. அதன் பின்னாலேயே, சோப்பு நுரையோடு, முதுகு தேய்க்கிற பீர்க்கங்கூடு ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து அவன் வயிற்றில் மோதியது.

அதே நேரம் வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கங்கம்மாளின் அலறல் கேட்டது. கிணற்றுத் தண்ணீர் யாரோ உறிஞ்சுவது போல் இறங்குகிறது, ஓடி வாங்க, ஓடி வாங்க என்று கத்தினாள். நடேசனும் அக்காவும் தவிரக் கூட்டம் மொத்தமும் கற்பூரத்தை அப்படியே விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடியது.

தமிழ்வாணன் திரும்பித் துளையைப் பார்த்தான். அட பாவி, மறுபடியும் கோணலா? மூன்று இறக்கை வைத்தும், மூக்கு வைத்தும், கோணலாகவே போய் அடுத்தவள் கிணற்றைக் குத்திவிட்டதா? தட்டுத்தடுமாறி மேலே ஏறினான். துளை போட்ட திசைக்கு நேராகக் கிணற்று விளிம்பில் ஒரு முளை அடித்தான். அதில் நூலைக் கட்டி, திசை மாறாமல் இழுத்துக்கொண்டு நடந்தான். நூல் வரப்பைத் தாண்டியது. கங்கம்மாளின் கத்திரித் தோட்டத்தைத் தாண்டியது. நேரே போய் அவள் கிணற்றின் நட்டநடுவில் நின்றது.

பிட் ஒரு நூல்கூட விலகவில்லை.

அப்படியென்றால் அந்தச் சின்னத் துளையே இந்தப் பக்கம்தான் குறிவைத்துப் போடப்பட்டிருக்கிறது. திரும்பி வந்து நடேசனைக் கேட்டான். நடேசன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். நீரோட்டம் இந்தப் பக்கம் இருக்கிறது என்று உன் அக்கா காட்டிய இடத்தில் போட்டேன், கம்பியின் நீளத்தைக் கூட்டிப் பார்த்தபோதுதான் அந்தக் கிணறு கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பது தெரிந்தது, அடுத்தவன் கிணற்றைக் குத்துகிற வேலை நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன் என்றார். தமிழ்வாணன் முகத்தைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"உனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் செய்யறேன்னு நெனச்சிகினு கீறேன் நானு."

அக்கா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். கண்ணீர்கூட இன்னும் காயவில்லை. அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

"நெல்லு பால் புடிச்சி நிக்குது தம்பி. அவ கத்திரிக்கா நாலு நாள் வாடினா இன்னா கெட்டுப்போவுது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா?"

"சொன்னா நீ வருவியா?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உன் பிட்டு கோணலா போவும்னு ஊருக்கே தெரியும். நாளைக்கு யாராச்சும் கேட்டா, தெரியாம பூட்ச்சின்னு அது மேல போட்டுடலாம்னு இருந்தேன்."

ஊரெல்லாம் சிரித்தபோது கூட நின்றவள். அவன் பிட்டுக்காகச் சொந்தக்காரர்களோடு சண்டை போட்டவள். அவளும் அந்தக் கோணல் என்கிற பேரை நம்பியா கூப்பிட்டிருக்கிறாள்? கிணற்றைக் குத்தியதைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பான். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. துளையை இன்றைக்கே அடைக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குள் கூட்டம் திரும்பிவிட்டது. முன்னால் கங்கம்மாள். பாதிக் குளியலில் ஓடி வந்திருக்கிறாள், தலைமுடியில் சீயக்காய், மேலே அவசரமாகச் சுற்றிய புடவை. மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். தமிழ்வாணன் காலில் விழத் தயாராக முன்னே வந்தான். அவள் அவனைத் தாண்டிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள். முளையைப் பார்த்தாள், நூல் போகிற வழியைப் பார்த்தாள். பிறகு, சுற்றின ஆட்கள் மேலே தூக்கிப் போட்டிருந்த பிட்டுக்கு எதிரே குந்திக்கொண்டாள்.

"இத நீயா தம்பி செஞ்ச?"

"ஆமா பெரிம்மா."

"இங்கேர்ந்து என் கெணறு வரைக்கும் நேரா வந்துச்சா?"

அவன் பதில் சொல்வதற்குள், பலராமன் கீழே கிணற்றுப் படியில் மீன்களைக் குடத்தில் பிடித்துப் போட்டுக்கொண்டிருப்பதை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். குரலை இறக்கினாள்.

"எனக்கும் ஒருதபா போட்டுக் குடு. பலராமன் கெணத்துல ரெண்டு ஆள் மட்டம் தண்ணி நிக்குது."

தமிழ்வாணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளா? சற்று முன் தன் தண்ணீர் போகிறது என்று அலறினவளா? குந்தினவள் முகத்தில் கோபத்தின் சுவடே இல்லை. காது கேட்கிற தூரத்தில் நின்ற நாலைந்து பேரைப் பார்த்தான். ஒருத்தரும் 'அய்யய்யோ' என்று சொல்லவில்லை. ஒருவர் மெல்ல மேற்கே திரும்பித் தன் பக்கத்து நிலத்தைப் பார்த்தார். இன்னொருவர் குனிந்து பிட்டின் மூக்கைத் தடவினார். எத்தனை நாள் ஏங்கியிருப்பான், ஜனங்கள் அதை இப்படி ஆசையாகப் பார்க்க வேண்டும் என்று. இப்போது பார்க்கிறார்கள். நடேசன், 'நேரா போவுது' என்று சொல்லலாமா வேண்டாமா என்கிற மாதிரி நின்றார். இப்போது இவன் ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும், நாளைக்குக் கொட்டகை வாசலில் நிற்க இடம் இருக்காது.

தமிழ்வாணன் போய் முளையைப் பிடுங்கினான். நூலைக் கையில் சுற்றிக்கொண்டே, பலராமனுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான்.

"இல்ல பெரிம்மா. கோணலா பூட்ச்சி. கெழக்கால போவ வேண்டியது, இந்தப் பக்கம் திரும்பிகிச்சி. எங்க போவும்னு எனக்கே தெரியாது. இத நம்பி யாரும் கெணத்துல எறக்காதீங்க."

கங்கம்மாள் சலிப்போடு எழுந்தாள். "த்தூ, இதுக்கா கம்பெனி வேலய வுட்டுட்டு வந்த" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. இருங்காட்டுக்கோட்டையில் கிடக்கிறதுக்குத் துணையாக இதையும் போட்டுவிடு என்றார் ஒருவர். பிட்டின் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நடேசன் இன்னொரு பீடியைப் பற்றவைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். தமிழ்வாணனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான், சிமெண்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அது நேராகத்தான் போனது என்று அவளுக்குத் தெரியும். "தம்பி" என்று வாயெடுத்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். சுற்றிலும் ஊர் நின்றுகொண்டிருந்தது, அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.